பேதுருவின் கல்லறைக்குப் போகும் வழி

ரோம் நகரில் திபேர் ஆற்றுக்கு மேற்கே இருக்கும் வத்திக்கான் குன்று முதல் நூற்றாண்டில் ஊருக்கு வெளியே கிடந்த இடம். அதன் அடிவாரத்தில் கலிகுலா பேரரசர் ஒரு தேர்ப்பந்தயத் திடலைத் தொடங்கினார். பின்னால் நீரோ அதைப் பயன்படுத்தினார். எகிப்திலிருந்து கப்பலில் கொண்டுவந்த ஒற்றைக்கல் தூண் ஒன்று அந்தத் திடலில் நின்றது. திடலை ஒட்டிய சரிவு முழுக்கச் சுடுகாடும் இடுகாடும். கி.பி. 64-இல் ரோம் எரிந்ததை அடுத்து நீரோ கிறிஸ்தவர்களைக் கொன்ற காலத்தில் இயேசுவின் சீடர் பேதுருவும் இங்கே சிலுவையில் அறையப்பட்டு, அந்தச் சரிவிலேயே புதைக்கப்பட்டார் என்பது திருச்சபை மரபு. தமிழ்க் கத்தோலிக்கர்களின் மூத்த தலைமுறை இராயப்பர் என்று சொல்லிவந்தது இவரைத்தான்.

ஏறத்தாழ 160-ஆம் ஆண்டில் அந்தக் கல்லறை என்று கருதப்பட்ட இடத்தின் மேல் யாரோ ஒரு சிறு மாடத்தை எழுப்பினார்கள். இரண்டு சிறு தூண்கள், அவற்றின் மேல் ஒரு பலகைக்கல், பின்னால் சிவப்புச் சாந்து பூசிய சுவர். சுமார் 200-இல் காயுஸ் என்ற ரோமைக் குரு, வத்திக்கானுக்கு வந்தால் பேதுருவின் நினைவுச்சின்னத்தைக் காட்ட முடியும் என்று எழுதினார். இன்றைக்குக் கூட்டம் கூட்டமாக மக்கள் போகும் புனித பேதுரு பெருங்கோவிலின் வரலாறு, வந்து பார் என்ற இந்த அழைப்பிலிருந்து தொடங்குகிறது. அங்கே போகிறவர்கள் எங்கே நிற்கலாம், எவ்வளவு நெருங்கலாம், எதைப் பார்க்கலாம் என்பதை ஒவ்வொரு காலமும் தீர்மானித்தது. கட்டடத்தின் பெரும்பகுதி அந்தத் தீர்மானங்களால் ஆனது.

நான்காம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் பேரரசர் அங்கே கோவில் கட்ட முடிவு செய்தபோது, சமதளம் வேறெங்கும் இல்லாமல் அந்தச் சரிவைத் தேர்ந்தெடுக்கவில்லை. திபேர் கரையில் நல்ல நிலம் நிறைய இருந்தது. கல்லறை இருந்த இடத்திலேயே பலிபீடம் வரவேண்டும் என்பதற்காகக் குன்றின் ஒரு பக்கத்தை வெட்டி, மறுபக்கத்தில் இருந்த கல்லறை வீடுகளின் கூரையைப் பெயர்த்து, உள்ளே மண்ணைக் கொட்டி நிரப்பி மேடை ஆக்கினார்கள். இடுகாட்டைக் கலைப்பது ரோமச் சட்டத்தில் பெரும் குற்றம். பேரரசர் ஒருவரால்தான் அதைச் செய்திருக்க முடியும். ஐந்து நெடும்பத்திகளோடு எழுந்த அந்தக் கோவில் 1,100 ஆண்டுகளுக்கு மேல் நின்றது. முன்னால் திறந்த முற்றம், அதில் கைகால் கழுவ நீரூற்று, முற்றத்துக்கு ஏற நீண்ட படிக்கட்டு. 774-இல் சார்லிமேன் அரசர் அந்தப் படிகள் ஒவ்வொன்றையும் முத்தமிட்டபடி ஏறினார் என்று திருத்தந்தையரின் வரலாற்று நூல் சொல்கிறது. 800-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று அதே கோவிலில் அவருக்குப் பேரரசராக முடி சூட்டப்பட்டது.

படியேறி வந்தவர்கள் கல்லறையைத் தொட முடிந்ததா என்றால், ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த தூர் நகர ஆயர் கிரகோரியின் எழுத்தில் விடை இருக்கிறது. பீடத்தருகே சிறு சாளரம் ஒன்று உண்டு. பக்தர் அதற்குள் தலையை விட்டுத் தன் வேண்டுதலைச் சொல்லலாம். கையோடு எதையாவது எடுத்துப்போக விரும்பினால் ஒரு துணித்துண்டை எடைபோட்டுவிட்டு, கயிற்றில் கட்டிக் கல்லறைக்குள் இறக்குவார். நோன்பிருந்து, செபித்து, பிறகு மேலே இழுப்பார். விசுவாசம் திடமாக இருந்தால் துணி அருளில் ஊறி, முன்பிருந்ததைவிடக் கனமாக ஏறிவரும் என்றார்கள். உடலைத் துண்டாக்கி எலும்பைப் பங்கிட்டுக் கொடுப்பதை அந்நாளைய ரோம் ஏற்கவில்லை. கல்லறையைத் தொட்ட துணியே திருப்பண்டமாகி ஆல்ப்ஸ் மலைகளைத் தாண்டிப் போனது. 600-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மகா கிரகோரி என்ற திருத்தந்தை பீடத்தின் தரையை உயர்த்தி, அதன் கீழே அரைவட்ட நடைவழி அமைத்தார். ஒரு பக்கம் இறங்கி, கல்லறையின் பின்புறம் நின்று வேண்டி, மறுபக்கம் ஏறலாம். மேலே பூசை நடக்கும்போதே கீழே கூட்டம் நகர இது வழிசெய்தது. ஐரோப்பாவின் பல கோவில்கள் இந்த அமைப்பைப் பார்த்துத் தங்கள் நிலவறைகளைக் கட்டின.

வந்தவர்கள் தங்க இடம் வேண்டும். ஆங்கிலோ-சாக்ஸன்கள், பிராங்குகள், லொம்பார்டுகள், பிரிசியர்கள் என்று ஒவ்வொரு வடநாட்டு இனத்தாருக்கும் கோவிலருகே குடியிருப்பும் சத்திரமும் அமைந்தன. சாக்ஸன்கள் தங்கள் குடியிருப்பைக் குறித்த சொல்லே திரிந்து அந்தப் பகுதிக்குப் போர்கோ என்ற பெயர் நிலைத்தது. 846-இல் கடல் வழியாக வந்த அரபுப் படை மதிலுக்கு வெளியே இருந்த இந்தக் கோவிலைக் கொள்ளையிட்டது. திருத்தந்தை நான்காம் லியோ சுற்றுமதில் எழுப்பி 852-இல் முடித்தார். வத்திக்கான் தனி அரண் கொண்ட ஊரானது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ‘ரோம் நகரின் அதிசயங்கள்’ என்ற பொருளில் லத்தீனில் ஒரு வழிகாட்டி நூல் தோன்றியது. கல்லறைகளோடு பழைய ரோமின் சிலைகளையும் வளைவுகளையும் பற்றிய கதைகள் அதில் நிறைந்திருந்தன. பேதுருவைத் தேடி வந்தவர் வேடிக்கையும் பார்த்தார் என்பதற்கு அதைவிட நல்ல சான்று தேவையில்லை. 1199-இல் திருத்தந்தை மூன்றாம் இன்னசென்ட், பேதுருவும் பவுலும் பொறித்த ஈய, வெள்ளீய வில்லைகளை வார்த்து விற்கும் உரிமையைப் பேதுரு கோவிலின் குருக்களுக்கே வழங்கினார். ஊருக்குத் திரும்பும் பயணி அதைத் தொப்பியிலோ மேலாடையிலோ தைத்துக்கொள்வார்.

1300-ஆம் ஆண்டு எல்லாவற்றையும் பெரிதாக்கியது. புது நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமுக்கு வந்தால் பெரும் பலன் உண்டு என்ற பேச்சு மக்களிடையே பரவி, கூட்டம் தானாகவே வரத் தொடங்கிவிட்டது. அதன் பிறகே, அதே ஆண்டு பிப்ரவரி 22 அன்று, திருத்தந்தை எட்டாம் போனிபாஸ் முதல் யூபிலி ஆண்டை அறிவித்தார். பாவங்களுக்கு மனம் வருந்திப் பாவசங்கீர்த்தனம் செய்து, பேதுரு, பவுல் கோவில்களை ரோமர் 30 நாளும் வெளியூரார் 15 நாளும் தரிசித்தால், பாவங்களுக்கான தண்டனை முழுவதும் நீங்கும் பரிபூரணப் பலன் கிடைக்கும். எந்த நேரத்திலும் நகரில் 2,00,000 பயணிகள் இருந்தார்கள் என்று புளோரன்ஸ் வரலாற்றாசிரியர் வில்லானி எழுதினார். அந்தக் காலத்து எண்களை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் அஸ்தி நகரத்து வணிகர் வெந்தூரா எழுதிவைத்த காட்சியை மறக்க முடியாது: பவுல் கோவிலின் பீடத்தருகே இரண்டு குருக்கள் இரவும் பகலும் நின்று, குவிந்த காசை வாரியால் இழுத்துக்கொண்டே இருந்தார்கள். அதில் பெரும்பகுதி ஏழைகள் போட்ட சில்லறை.

அந்நாளில் நகரிலிருந்து பேதுரு கோவிலுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் சந்த் ஆஞ்செலோ பாலத்தைத் தாண்ட வேண்டியிருந்தது. 1300-இல் அந்தப் பாலத்தில் போகிறவர்கள் ஒரு பக்கம், வருகிறவர்கள் மறுபக்கம் என்று கூட்டத்தைப் பிரித்து நடத்தினார்கள். தாந்தே தன் ‘நரகம்’ காவியத்தின் பதினெட்டாம் பாடலில், எதிரெதிர்த் திசையில் நடக்கும் பாவிகளின் வரிசைக்கு இந்தப் பாலத்தை உவமையாக்கியிருக்கிறார். நூற்றைம்பது ஆண்டு கழித்து அந்த ஒழுங்கு இல்லாமல் போனது. 1450 யூபிலியில் டிசம்பர் 19 அன்று மாலை, கோவிலிலிருந்து திரும்பிய கூட்டம் பாலத்தில் எதிரே வந்தவர்களோடு முட்டிக்கொண்டது. நடுவில் ஒரு கோவேறு கழுதை மிரண்டது. இரண்டு பக்கமும் கடைகள் அடைத்திருந்ததால் ஒதுங்க இடமில்லை. மிதிபட்டும் ஆற்றில் விழுந்தும் இருநூறு பேர் வரை இறந்தார்கள். திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலாஸ் கடைகளையும் வீடுகளையும் இடித்து வழியை அகலப்படுத்தி, இறந்தவர்களுக்காகப் பாலத்தின் முகப்பில் இரண்டு சிற்றாலயங்களைக் கட்டினார். இன்று அதே இடத்தில் நிற்கும் பேதுரு, பவுல் சிலைகள் 1530-களில் அவற்றுக்குப் பதிலாக வைக்கப்பட்டவை. பாலத்தில் நின்று படமெடுக்கிற பயணிகளில் இதை அறிந்தவர் மிகச் சிலரே.

பழைய கோவில் அப்போதே சாய ஆரம்பித்திருந்தது. 1506 ஏப்ரல் 18 அன்று திருத்தந்தை இரண்டாம் ஜூலியஸ் புதுக் கோவிலுக்கு அடிக்கல் நாட்டினார். கட்டடக் கலைஞர் பிரமாந்தே பழைய கோவிலின் மேற்குப் பகுதியைத் தயக்கமின்றி இடித்துத் தள்ளியதால் ‘இடிப்பு மேஸ்திரி’ என்ற பெயரை வாங்கிக்கொண்டார். ஆயிரம் ஆண்டுத் தூண்கள், கல்லறைகள், சுவர்ப்படங்கள் பலவற்றை அந்த அவசரத்தில் இழந்தோம். அதற்குச் சமாதானம் சொல்வது கடினம். கல்லறைக்கும் பீடத்துக்கும் மட்டும் அவர் ஒரு கல்மண்டபம் கட்டிப் பாதுகாப்புக் கொடுத்தார். கோவில் கட்டும் பணத்துக்காகத் திருத்தந்தை பத்தாம் லியோ 1515-இல் ஜெர்மானிய நாடுகளில் காணிக்கை தருவோருக்குப் பலன் வழங்கும் ஆணை பிறப்பித்தார். வசூலில் பாதி மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்ட் பூகர் வங்கியில் வாங்கியிருந்த கடனுக்குப் போனது. அதை எதிர்த்து 1517 அக்டோபர் 31 அன்று 95 கருத்துரைகளை எழுதிய மார்ட்டின் லூதர், சில ஆண்டுகளுக்கு முன் தானே ரோமுக்கு நடந்துவந்த துறவி. இந்தக் கோவிலைக் கட்டும் செலவு மேற்குத் திருச்சபை பிளவுபட ஒரு காரணமானது.

1506-க்குப் பின் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் வந்த பயணிகள் பார்த்தது பாதி கோவில். மேற்கே புதுத் தூண்கள், கிழக்கே பழைய கூடம், இடையே ஒரு தடுப்புச் சுவர். 1530-களில் ரோமில் இருந்த டச்சு ஓவியர் ஹேம்ஸ்கெர்க்கின் கோட்டோவியங்களில் பிரமாந்தேயின் பிரமாண்ட வளைவுகள் கூரையின்றி வானத்தைப் பார்த்து நிற்கின்றன, அவற்றின் மேல் செடிகள் முளைத்திருக்கின்றன. 1547-இல், 71 வயதில், மைக்கேலாஞ்சலோ பொறுப்பேற்றார். சம்பளம் வேண்டாம் என்றார். 1564-இல் அவர் இறந்தபோது குவிமாடத்தின் கழுத்துப் பகுதிதான் எழுந்திருந்தது. ஜாக்கோமோ தெல்லா போர்த்தா 1590-இல் குவிமாடத்தை மூடினார். உள்விட்டம் சுமார் 42 மீட்டர். தரையிலிருந்து உச்சிச் சிலுவை வரை சுமார் 136 மீட்டர்.

இதற்கிடையே அந்த எகிப்தியத் தூண் கோவிலின் பக்கவாட்டில், பழைய திடல் இருந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. 25 மீட்டர் உயரமும் 300 டன்னுக்கு மேல் எடையும் உள்ள அதைக் கோவில் முகப்புக்கு நகர்த்தும்படி திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்டஸ் ஆணையிட்டார். 1586-இல் தொமேனிக்கோ பொந்தானா மரச்சாரம் கட்டி, நூற்றுக்கணக்கான ஆட்களையும் குதிரைகளையும் 40 சுழல்மரங்களில் பூட்டி அதைச் சாய்த்து, உருட்டி, செப்டம்பர் 10 அன்று மீண்டும் நிமிர்த்தினார். வேலை நடக்கும்போது பேசினால் தூக்கு என்று ஆணை இருந்ததாகவும், கயிறுகள் சூடேறி அறுபடப் போவதைக் கண்ட மாலுமி ஒருவர் “கயிற்றில் தண்ணீர் ஊற்றுங்கள்” என்று கத்திக் காப்பாற்றியதாகவும் ஒரு கதை உண்டு. கதை பிற்காலத்தது. பொந்தானா தன் வேலையைப் பற்றி விரிவாக எழுதிய நூலில் அது இல்லை. தூண் நகர்ந்ததால் நடந்த பெரிய மாற்றம் வேறு: கூட்டம் கூடுவதற்கான மையப்புள்ளி ஒன்று கோவில் முன்னால் கிடைத்தது.

மைக்கேலாஞ்சலோ நான்கு பக்கமும் சமமான சிலுவை வடிவில் கோவிலை எண்ணியிருந்தார். அதில் கூட்டம் கொள்ளாது, பவனி போக நீளம் போதாது என்று கார்லோ மதேர்னோ கிழக்கே நெடுங்கூடத்தை நீட்டி, 1614-க்குள் முகப்பையும் முடித்தார். இதனால் கோவிலை நெருங்க நெருங்கக் குவிமாடம் முகப்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. வழிபாட்டின் தேவைக்கு அழகு விட்டுக்கொடுத்த இடம் அது. 1626 நவம்பர் 18 அன்று திருத்தந்தை எட்டாம் உர்பன் கோவிலை அர்ச்சித்தார்.

பெர்னினி 1656-இல் தொடங்கி 1667-இல் முடித்த சதுக்கம், பெயருக்குத்தான் சதுக்கம். நீள்வட்டத்தின் இரு பக்கமும் 284 தூண்கள் நான்கு வரிசையாக வளைந்து நிற்கின்றன. மேலே 140 புனிதர்களின் சிலைகள். திருச்சபை தன் கைகளை விரித்து எல்லோரையும் அணைப்பதாக அவரே விளக்கம் எழுதினார். ஒற்றைத்தூணுக்கும் நீரூற்றுகளுக்கும் இடையே தரையில் வட்டக்கல் ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாகப் பதிந்திருக்கிறது. அதன் மேல் நின்று தூண்களைப் பார்த்தால், நான்கு வரிசை ஒரே வரிசையாகத் தெரியும். பின்னால் உள்ள மூன்று தூண்களும் முன்தூணுக்குள் மறைந்துவிடும். ஓரடி விலகினாலும் காடு போல் எல்லாம் முளைத்துவிடும். குழந்தைகள் அந்தக் கல்லில் ஏறுவதும் இறங்குவதுமாக இருப்பார்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டில் வேறு வகைப் பயணி பெருகினார். வட ஐரோப்பியச் செல்வர்கள், பெரும்பாலும் புரோட்டஸ்டன்ட் சபையினர், கலை கற்கும் பயணமாக இத்தாலிக்கு வந்தார்கள். செபமாலை அவர்கள் கையில் இல்லை. அளவு நாடாவும் குறிப்பேடும் இருந்தன. ஜெர்மானியக் கவிஞர் கோத்தே 1786 நவம்பரில் கோவிலின் கூரைக்கும் குவிமாடத்துக்கும் ஏறினார். அடுத்த ஆண்டு ஜூனில், பேதுரு–பவுல் திருநாளில் குவிமாடத்துக்கு விளக்கேற்றுவதைப் பார்த்து வியந்தார். சாம்பியெத்ரீனி என்ற கோவில் பணியாளர்கள்தான் அந்த வேலையைச் செய்தவர்கள். கயிற்றில் தொங்கிக் குவிமாடத்தின் விலாக்களிலும் சிலுவையிலும் ஆயிரக்கணக்கான விளக்குகளைக் கட்டுவார்கள். மாலையில் மங்கலாக ஒளிரும் காகிதக்கூண்டு விளக்குகள் முதலில். குறித்த மணி அடித்ததும் சில நொடிகளில் பெருஞ்சுடர்கள் ஒரே வேளையில் பற்றிக்கொள்ளும். இந்தப் பணியாளர்களின் குடும்பங்கள் தந்தைக்குப் பின் மகன் என்று தலைமுறைகளாகக் கோவிலைப் பராமரித்துவந்தன. கோவிலைப் புகழ்ந்தவர்கள் கட்டடக் கலைஞர்களின் பெயர்களை எழுதினார்கள். உயிரைக் கயிற்றில் கட்டியவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை.

எல்லோரும் உருகிவிடவில்லை. 1845-இல் வந்த சார்லஸ் டிக்கன்ஸ், இங்கிலாந்துப் பேராலயங்களில் தன் மனம் இதைவிட அதிகம் நெகிழ்ந்ததுண்டு என்று பயண நூலில் வெளிப்படையாக எழுதினார். உள்ளே நுழைந்ததும் பலருக்கு ஏற்படும் ஏமாற்றத்துக்குக் காரணம், எல்லாமே ஒன்றுக்கொன்று பொருத்தமான அளவில் பெரிதாக இருப்பது. தீர்த்தத் தொட்டியைத் தாங்கும் குழந்தைத் தூதர்கள் தூரத்திலிருந்து சாதாரணக் குழந்தைகள். அருகில் போய்த் தண்ணீரில் விரல் வைக்கும்போதுதான், அந்தக் குழந்தை ஆளுயரத்துக்கு நிற்பது தெரியும். மேலே ஓடும் லத்தீன் எழுத்துகள் ஒவ்வொன்றும் சுமார் 2 மீட்டர். நெடுங்கூடத் தரையில் லண்டன் புனித பவுல் கோவில் உள்ளிட்ட பெரிய கோவில்களின் நீளங்களை உலோகக் குறிகளால் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் எங்கே முடிந்துபோகிறது என்று நடந்தே பார்க்கலாம்.

1856-இல் ரோமின் முதல் ரயில் பாதை ஓடத் தொடங்கியது. 1860-களில் தாமஸ் குக் இத்தாலிக்குக் குழுப்பயணம் நடத்தினார். செல்வர்களின் பயணம் நடுத்தர வர்க்கத்துக்கும் எட்டியது. 1870 செப்டம்பர் 20 அன்று இத்தாலியப் படை ரோமைப் பிடித்ததும் திருத்தந்தையர் வத்திக்கானை விட்டு வெளியே வராமல் இருந்துவிட்டார்கள். 1929 பிப்ரவரி 11 அன்று கையெழுத்தான லாத்தரன் உடன்படிக்கைதான் 44 ஹெக்டேர் பரப்புள்ள தனி நாட்டை உருவாக்கி அந்தப் பிணக்கை முடித்தது. அந்தச் சமரசத்தின் பெயரிலேயே முசோலினி 1936-இல் போர்கோவின் நடுப்பகுதியை இடிக்கத் தொடங்கினார். அகன்ற நேர்ச்சாலை 1950 யூபிலிக்குள் முடிந்தது. அதுவரை குறுகிய சந்துகளின் நிழலில் நடந்துவந்தவர் முன்னால் சதுக்கம் திடீரென்று வெளிச்சமாக விரிந்தது. இப்போது ஆற்றங்கரையிலிருந்தே எல்லாம் தெரிந்துவிடுகிறது. பேருந்துகளுக்கு வசதி; பெர்னினியின் சதுக்கத்துக்கு நட்டம்.

1972 மே 21 அன்று கோவிலுக்குள் ஒருவர் தடுப்பைத் தாண்டி மைக்கேலாஞ்சலோவின் பியெத்தா சிலையைச் சுத்தியலால் அடித்தார். மரியாவின் இடது கை முறிந்தது, மூக்கு உடைந்தது. பொறுக்கிய துண்டுகளை ஒட்டிச் சீர்செய்த பிறகு சிலை கண்ணாடிக்குப் பின்னால் போனது. மறுபுறம், நடுக்கூடத்தில் உள்ள பேதுருவின் வெண்கலச் சிலை இன்னும் கைக்கு எட்டுகிறது. நூற்றாண்டுகளாக முத்தமிட்டும் தடவியும் அதன் வலது பாதத்தின் விரல்கள் தேய்ந்து ஒன்றாகிவிட்டன. வரிசையில் நிற்பவரில் யார் வேண்டுகிறார், யார் நினைவுக்காகத் தொடுகிறார் என்று பிரித்துச் சொல்ல முடியாது. உலோகத்தில் இரண்டும் ஒரே தேய்மானம்.

கோவிலுக்குள் நுழையக் கட்டணம் இல்லை. சோதனை வாசலும் நீண்ட வரிசையும் உண்டு. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். குவிமாடத்துக்கு 551 படிகள். கட்டணம் கட்டி மின்தூக்கியில் கூரை வரை போனாலும் மீதிப் படிகளை ஏறியே ஆக வேண்டும். கடைசிப் பகுதியில் குவிமாடத்தின் இரண்டு ஓடுகளுக்கு இடையே சுவர் சரிவதால், ஏறுகிறவர் உடம்பைச் சாய்த்துக்கொண்டுதான் நடக்க முடியும்.

2022 மே 15 அன்று சதுக்கத்தில் கூடியவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். நட்டாலத்தில் பிறந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 1752-இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயத்துக்குத் திருத்தந்தை பிரான்சிஸ் அன்று புனிதர் பட்டம் வழங்கினார். குடும்பஸ்தரான பொதுநிலையினர் ஒருவர் இந்தியாவிலிருந்து புனிதரானது அதுவே முதல் முறை. மதேர்னோவின் முகப்பில் அவருடைய படம் தொங்கியது.

கல்லறைக்குத் திரும்பிப் போகும் வழி மீண்டும் திறந்தது இருபதாம் நூற்றாண்டில். 1939-இல் திருத்தந்தை பதினோராம் பயஸைப் புதைக்கக் கோவிலின் அடித்தளத்தைத் தோண்டியபோது, கான்ஸ்டன்டைனின் ஆட்கள் மண் நிரப்பிய கல்லறை வீடுகள் வெளிப்பட்டன. போர்க்காலம் முழுதும் இரகசியமாகத் தோண்டினார்கள். பீடத்துக்கு நேர் கீழே, காயுஸ் குறிப்பிட்ட மாடத்தின் எச்சம் கிடைத்தது. பேதுருவின் கல்லறையைக் கண்டடைந்ததாக 1950 டிசம்பரில் பன்னிரண்டாம் பயஸ் அறிவித்தார். அருகே கிடைத்த எலும்புகள் பேதுருவுடையவை என்று 1968-இல் ஆறாம் பவுல் சொன்னார். ஆய்வாளர்கள் அதை ஒருமனதாக ஏற்கவில்லை. மாடம் இருந்த இடம் பற்றி அவ்வளவு சர்ச்சை இல்லை.

இன்று அந்த அகழ்விடத்துக்கு முன்பதிவு செய்த சிறு குழுக்கள் மட்டும் போகலாம். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 250 பேர். மேலே பகலெல்லாம் ஆயிரங்கள் நடக்கும் பளிங்குத் தரைக்கு அடியில் ஈரமும் வெக்கையும் கலந்த காற்று. செங்கல் கல்லறை வீடுகளின் நடுவே பழைய இடுகாட்டுத் தெரு, மெல்ல மேற்கே ஏறுகிறது. முடிவில் வழிகாட்டி ஒரு இடைவெளியைக் காட்டுவார். ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து பார்த்தால், சுவரின் துளைக்குள் அந்த எலும்புகள் வைத்த, வெளிச்சம் பட்ட சிறு கண்ணாடிப் பெட்டிகள் தெரியும். ஒவ்வொருவருக்கும் சில நொடிகள். பிறகு அடுத்தவருக்கு வழிவிட வேண்டும்.